சிவப்புப் பானையில் ஒரு தாயின் பெயர்

தாளில் எழுதுவது வேலை. பானையில் எழுதுவது தண்டனை. உருண்டையாக இருப்பதை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறுகையால் வரி பிசகாமல் எழுத வேண்டும். மை வழியும், விரலில் ஒட்டும், மூக்கு அரித்தால் மூக்கிலும் ஒட்டும். ஒரு வரி முடிவதற்குள் முதல் வார்த்தை பானையின் முதுகுப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். இப்படி நூற்றுத் தொண்ணூறு சிவப்புப் பானைகள். ஒவ்வொன்றிலும் அரசருக்கு ஆகாத ஒருவனின் பெயர். எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் போட்டு உடைப்பார்கள். உடைக்கப் போகிற பானைக்கு எதற்கய்யா அழகான எழுத்து என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். எழுத்து கோணினால் சாபமும் கோணிப் போகும் என்றார் ஹேப்பு. அவர்தான் எங்கள் கோட்டையில் மந்திரம் ஓதும் பூசாரி. பல்லெல்லாம் விழுந்தும் வாய் ஓயாத மனுஷர்.

என் பெயர் சென்பி. அரசரின் தெற்கு எல்லையில் இருக்கிற இக்கென் கோட்டையில் எழுத்தன். பதினோரு வருஷமாக ஆற்றோர வாசலில் உட்கார்ந்து, தெற்கிலிருந்து வருகிற கூஷ் நாட்டு ஆட்களின் பெயரையும் அவர்களைப் பெற்றவளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பண்டம் மாற்ற வந்தவன் என்றால் உள்ளே விடுவோம். மற்றவன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கூஷ் என்று எழுதினால் முன்னால் 'கேடுகெட்ட' என்று சேர்க்க வேண்டும். அது அரண்மனை உத்தரவு. சாயங்காலம் நாளின் செய்தியைச் சுருக்கி வடக்கே அரண்மனைக்குப் போகும் கடிதத்தில் எழுதுவேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "அரசரின் காரியங்கள் அனைத்தும் நலம்." காய்ச்சலில் எட்டுப் பேர் செத்த வாரமும் அதையேதான் எழுதினேன்.

காலையில் வாசலுக்கு முதலில் வருகிறவன் தெகாய். பாறைமேட்டில் ஆடு மேய்க்கிற கூஷ்காரன். தோளில் ஒரு பெரிய பால் ஜாடி, இடுப்பில் ஒரு குட்டிச் சொம்பு. அந்தச் சொம்பு என் மகள் மியுத்துக்கு. அவளுக்கு ஆறு வயது. பிறந்தது முதல் அவன் ஆட்டுப் பாலில்தான் வளர்ந்தாள். அதற்குப் பதிலாக நான் எதுவும் கொடுத்ததில்லை, அவனும் கேட்டதில்லை.

"ஏன்டா, இன்னிக்கு ஆத்துல எத்தனை கை அள்ளிக் கலந்தே?" என்று வாசல் காவலன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"வெபெரா மேல ஆணையா ஒரு சொட்டு இல்லைங்க சாமி! ஆடு குடிச்ச தண்ணிக்கு மட்டும் நான் பொறுப்பில்ல!" என்று தெகாயும் தினமும் ஒரே பதிலைச் சொல்லுவான். வெபெரா அவனைப் பெற்றவள். கூஷ்காரர்கள் தாயின் பெயரைச் சொல்லி ஆணையிட்டால் அதற்கு மேல் ஆணை கிடையாது. சாமி பெயரில் பொய் சொல்லுவார்கள், பெற்றவள் பெயரில் சொல்ல மாட்டார்கள். தினமும் காதில் விழுகிற சத்தம் என்பதால் நாங்கள் யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

அந்த வருஷம் அரசர் தம் எல்லையை இன்னும் தெற்கே தள்ளப் போகிறார் என்று செய்தி வந்தது. அப்பா வைத்த எல்லைக்கல்லில் மகன் நிற்பதா என்று அவருக்கு மானப் பிரச்சினையாம். படகுகள் வந்து குவிந்தன. எங்கள் ஊரில் ஆறு பாறைகளில் மோதிச் சிதறுவதால் படகு ஏறாது. கரையில் மரக்கட்டைகளைப் பரப்பி, மேலே சேற்றைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி வழுக்கலாக்கி, கயிறு கட்டித் தரையிலேயே இழுப்பார்கள். நாள் முழுக்க "ஏலே, இழு!" என்ற சத்தம். படைக்கு முன்னால் சாபம் போக வேண்டும், அதுதான் வழக்கம். அதற்குத்தான் பானைகள்.

கோட்டைத் தலைவர் சொபெக்நக்து பானைகளைப் பார்வையிட வந்தார். கழுத்தில் போர் வீரத்துக்கு அரசர் கொடுத்த தங்க ஈ பதக்கம், வயிறு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். வரிசையில் ஒரு பானைக்கு முன்னால் நின்றார்.

"ஏன்யா சென்பி, சின்ன மீனெல்லாம் எழுதி முடிச்சிட்டே. திமிங்கலத்தோட பானை மட்டும் ஏன் பாதியில நிக்குது?"

திமிங்கலம் என்றது உதெர்சாவை. தெற்கே மூன்று நாள் தூரத்தில் ஆற்றுத் தீவில் இருக்கிற தலைவன். இந்தப் படையெடுப்பே அவன் தலைக்காகத்தான்.

"ஆத்தா பேரு வரல தலைவரே. வடக்கேருந்து வந்த பட்டியல்ல விட்டுட்டாங்க."

"அப்பன் பேரு இருக்கே, போதாதா?"

ஹேப்பு இடையில் புகுந்தார். "அப்பன் பேரை நம்பி எந்தச் சாபமும் கெளம்பாது தலைவரே. பெத்தவ பேரு வேணும். இல்லாட்டி அது கூஷ் பூரா சுத்திட்டு, வீடு தெரியாம நம்மகிட்டயே திரும்பி வந்துரும்."

தலைவர் சட்டென்று பின்வாங்கினார். போர்க்களத்தில் பதினேழு பேரைக் கொன்றவர், பானைக்குப் பயந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் பொண்டாட்டி அந்தத் தீவுப் பக்கந்தானே? கேட்டுட்டு வா."

"அவ சாதாரண வீட்டுப் பொண்ணு தலைவரே. பெரிய எடத்து விஷயம் அவளுக்கு எங்க தெரியும்?"

"பொம்பளைக்குத் தெரியாத ஊர் வம்பு உண்டாய்யா? நாளைக்குச் சூரியன் உச்சிக்கு வர்றதுக்குள்ள பேரு பானையில இருக்கணும். இல்லாட்டி நானே உன் வீட்டுக்கு வந்து அவளைக் கேக்கறேன். நான் கேக்கற விதம் உனக்குத் தெரியும்."

தெரியும். அவர் கேட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு பேருக்கு நடக்கவே வரவில்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோட்டையில் யாருக்கும் தெரியாத உண்மை. என் மனைவி அஷயா சாதாரண வீட்டுப் பெண் இல்லை. உதெர்சாவின் உடன்பிறந்த தங்கை. ஒரே வயிறு. அண்ணன் அவளைப் பல் போன ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்த்தான். அவள் பண்டப் படகு ஒன்றில் தோல் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து வந்து என் வாசலில் இறங்கினாள். பெயரைக் கேட்டேன், சொன்னாள். தாயின் பெயரைக் கேட்டேன், வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னாள். நானும் எழுதிக்கொண்டேன். உண்மைப் பெயர் இகதா என்று மியுத் பிறந்த அன்றுதான் என்னிடம் சொன்னாள்.

பானையில் எழுத வேண்டிய வாசகம் இது: "உதெர்சா, இன்னாள் வயிற்றில் பிறந்தவன், அந்த வயிற்றில் பிறந்தவர் அனைவரும், அவர்கள் பிள்ளைகளும், சாக." இன்னாள் என்ற இடத்தில் இகதா என்று எழுதினால், அதே வரியில் அஷயாவும் மியுத்தும் வந்துவிடுவார்கள். என் கையால், என் மையால். நான் எழுத்தன். எழுதியது நடக்கும் என்று நம்பாதவன் இந்த வேலைக்கு வர மாட்டான். நான் நம்பினேன், முழுசாக நம்பினேன். வாசலிலிருந்து வீட்டுக்குப் போகிற நூறு அடியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன்.

அஷயா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"பானையை உடைச்சா எங்கண்ணன் செத்துருவானா?"

"சாவான்."

"அப்புறம் எதுக்குய்யா இத்தனை படகு, இத்தனை ஈட்டி? இன்னும் நாலு பானை உடைச்சிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதானே உங்க ராசா?"

"வாயை மூடுடி. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு."

"இருக்கட்டும். கேடுகெட்டவ பேசுனா அப்படித்தான் பேசுவா. கேடுகெட்டவ சுட்ட ரொட்டி மட்டும் உனக்கு இறங்குதுல்ல?"

இது எங்கள் வீட்டில் பழைய வேடிக்கை. கோபம் வந்தாலும் அதைத்தான் சொல்லுவாள், கொஞ்சினாலும் அதைத்தான் சொல்லுவாள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. மியுத் முற்றத்தில் குட்டிச் சொம்பைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அஷயா அதைக் கவனித்தாள். கையில் இருந்த மாவைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நெசமாவே பயப்படறியா?"

"உன் ஆத்தா பேரை எழுதினா நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள வந்துருவீங்க. எழுதலேன்னா அவர் இங்க வருவாரு. வந்து கேட்டா, நீ யாருன்னு தெரிஞ்சுரும்."

"அட, எழுதத் தெரிஞ்ச மடையா! வேற ஏதாச்சும் ஒரு பேரை எழுதித் தொலையேன். யாரு போயி எங்காத்தாகிட்ட சரி பார்க்கப் போறா? அவ செத்து ஒன்பது வருஷமாச்சு."

எனக்கு அது தோன்றவே இல்லை. எழுத்தில் பொய் சொல்லலாம் என்பது, பதினோரு வருஷம் 'அனைத்தும் நலம்' என்று எழுதியவனுக்குத் தோன்றவில்லை! யாருக்கும் இல்லாத ஒரு பெயரை எழுதிவிட்டால் சாபம் போய்ச் சேர இடமில்லாமல் மணலில் விழுந்து காய்ந்துபோகும். அஷயாவின் தலையைத் தொட்டுவிட்டு வெளியே வந்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது.

மறுநாள் காலை பானையை மடியில் வைத்துச் சுழற்றினேன். 'உதெர்சா' வரை இருந்தது. நாணல் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு ஒரு பெயரை யோசித்தேன். கூஷ்காரப் பெயராகத் தொனிக்க வேண்டும், பெண் பெயராக இருக்க வேண்டும், யாருடையதாகவும் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று பெயர்கள் மனசில் வந்தன, எல்லாம் தெரிந்த பெண்களின் பெயர்கள். தள்ளினேன். பிறகு ஒன்று தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. எந்த முகமும் அதோடு சேர்ந்து வரவில்லை. சத்தம் மட்டும் சரளமாக வந்தது. நானே உண்டாக்கிய பெயர் என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டு எழுதினேன்.

வெபெரா.

இதைக் கேட்கிற உங்களுக்கு அது யாருடைய பெயர் என்று இப்போதே தெரிந்திருக்கும். எனக்கு அன்று எதுவும் தோன்றவில்லை. தினமும் விடியலில் என் காதுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே ஒருவன் கத்துகிற பெயர் அது. காதில் விழுந்து விழுந்து தேய்ந்துபோன பெயர் என்பதால்தான் புதுப் பெயர் போல வந்தது. நான் மை காயும் வரை ஊதினேன்.

தலைவர் வந்து படிக்கச் சொன்னார். படித்தேன். "பார்த்தியா, பொம்பளைகிட்ட கேட்டா வந்துருச்சு!" என்று முதுகில் தட்டினார். ஹேப்பு பெயரை நாலு தடவை வாய்க்குள் உருட்டிப் பார்த்து, "நல்ல கனமான பேரு" என்றார். அன்று சாயங்காலம் வெங்காயமும் காய்ந்த மீனும் எனக்கு வாத்துக் கறி மாதிரி ருசித்தன. ஒரு குவளை பார்லி பீர் அதிகமாகவே குடித்தேன். "என்ன பேருதான் எழுதினே?" என்று அஷயா கேட்டாள். "நான் செஞ்ச பேரு. உனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சடங்கு. கோட்டைச் சுவருக்கு வெளியே, வடக்குப் பக்கம், மணலில் குழி வெட்டியிருந்தார்கள். பானைகளை வண்டியில் கொண்டுவந்து அடுக்கினார்கள். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. படை கிளம்புவதற்கு முந்தின நாள் என்பதால் ஊரே அங்கே இருந்தது. பானைக் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழியும் இருந்தது. சின்னது, ஆனால் ஆழம். பானைகள் அதிகம் என்பதால் இரண்டு குழி போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேப்பு ஓதத் தொடங்கினார். நான் ஒவ்வொரு பானையாக எடுத்துப் பெயரைப் படிக்க, வீரன் ஒருவன் அதை வாங்கிக் கல்லில் அடித்தான். ஐம்பது, நூறு, நூற்றைம்பது. கை வலித்தது, தொண்டை வறண்டது. கடைசியில் உதெர்சாவின் பானை மட்டும் மிஞ்சியது. வீரனிடம் நீட்டினேன். ஹேப்பு கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதை இப்ப உடைக்கக் கூடாது. ஆள் வரட்டும்."

"எந்த ஆளு?"

தலைவர் சிரித்தார். "உனக்குச் சொல்லலியா? அரசரே நேர்ல வர்ற படையெடுப்பு. வெறும் மண்ணை உடைச்சா போதாதுன்னு உத்தரவு வந்திருக்கு. எதிரி பொறந்த அதே வயித்துல பொறந்த ஒருத்தன் குழியில இறங்கணும்."

அஷயாவைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கூட்டத்தில் அவளைத் தேடினேன். அவள் தூரத்தில் பெண்களோடு நின்று, மியுத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதெர்சாவோட கூடப் பொறந்தவனுக்கு நாங்க எங்க போவோம்னு நெனச்சேன்," என்றார் தலைவர். "அப்புறம் நீ எழுதுன வாசல் சுருளையெல்லாம் எடுத்துப் பிரிக்கச் சொன்னேன். பதினோரு வருஷத்துச் சுருள்! அந்த ஆத்தா பெத்த ஒருத்தன் முதல் வருஷத்துலயே இருக்கான்யா. உன் கையெழுத்துலயே இருக்கான். நம்ம கண்ணு முன்னாடியே நடமாடியிருக்கான் அந்த எமகாதகப் பய."

வாசலிலிருந்து, கோட்டைக் காவலுக்கு வைத்திருந்த பாலைவனத்து மெஜாய்கள் இரண்டு பேர் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தோளில் பால் ஜாடி இருந்தது. இடுப்பில் குட்டிச் சொம்பு இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. அடப்பாவி, அடப்பாவி என்று உள்ளுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன்.

தெகாய்க்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. கூட்டத்தையும் தலைவரையும் பார்த்து, அவனுக்குத் தெரிந்த ஒரே குற்றத்தை நினைத்துக்கொண்டான். ஜாடியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டான்.

"தலைவரே, எவனோ போட்டுக் கொடுத்திருக்கான்! நான் தண்ணி கலக்கலைங்க. மோந்து பாருங்க, குடிச்சுப் பாருங்க. வெபெரா மேல ஆணையா ஒரு சொட்டு கலக்கலைங்க!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஹேப்பு சிரிக்கவில்லை. "தானே சொல்லிட்டான்," என்றார். "இப்ப எழுதினவன் சாட்சி சொல்லணும். அதான் முறை. சென்பி, முன்னால வா. இவன் யாரு? யார் வயித்துல பொறந்தவன்?"

நான் முன்னால் போனேன். அரை நிமிஷ நேரம்தான் இருந்திருக்கும். அதற்குள் எத்தனை யோசித்தேன்! இவன் உதெர்சாவுக்கு யாரும் இல்லை என்று சொல்லலாம். பானையில் இருப்பது பொய்ப் பெயர் என்று சொல்லலாம். அப்படியானால் மெய்ப் பெயர் எது என்று அடுத்த மூச்சில் கேட்பார்கள். நான் சொல்லாவிட்டால், அந்தப் பெண்கள் கூட்டத்தில் நிற்கிற ஒருத்தியிடம் கேட்பார்கள். குழி வெட்டியாகிவிட்டது. யாராவது ஒருவர் இறங்கியாக வேண்டும்.

தெகாய் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "எழுத்தரய்யா! நல்லவேளை, நீங்க இருக்கீங்க. நீங்க சொல்லுங்கய்யா. உங்க புள்ளை குடிக்கிற பாலு, அதுல நான் தண்ணி கலப்பனா? நான் யாருன்னு நீங்க சொல்லுங்க."

சொன்னேன்.

"இவன் பெயர் தெகாய். வெபெரா வயிற்றில் பிறந்தவன்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தெகாய் பெருமூச்சு விட்டு, "அப்பாடா" என்றான். தன் தாயின் பெயரை எழுத்தர் சபையில் சொல்லிவிட்டார், இனிக் கவலையில்லை என்று அவனுக்கு நிம்மதி. என்னைப் பார்த்துக் கைகூப்பினான். அந்த நிம்மதி மாறுவதற்குள் மெஜாய்கள் அவன் கைகளைப் பின்னால் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான் என் வீரம். ஆனால் காதைத் திருப்பிக்கொள்ள முடியாதே. "எழுத்தரய்யா! எழுத்தரய்யா!" என்று மூன்று தடவை கூப்பிட்டான். நாலாவது தடவை கூப்பிட்டது தாயை. பிறகு பானை உடைகிற சத்தம். யாரோ காலால் இடற, ஜாடி சாய்ந்து, பால் மணலில் ஓடி என் செருப்பை நனைத்தது. தண்ணீர் கலக்காத பால். கெட்டியாக இருந்தது.

அஷயா முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் நான் சாயங்காலம் வரை வாசலிலேயே இருந்தேன். வீட்டுக்குப் போனபோது மியுத் தூங்கியிருந்தாள். அஷயா விழித்திருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது.

"அவன் எங்கண்ணன் இல்ல," என்றாள்.

"தெரியும்."

"எங்காத்தாவுக்கு நாங்க ரெண்டு பேருதான். அவன் பாறைமேட்டு ஆட்டுக்காரன். எங்க தீவைக் கண்ணாலகூடப் பார்த்திருக்க மாட்டான்."

"தெரியும்டி."

"என்ன பேரு எழுதினேன்னு அன்னிக்குக் கேட்டேன். நீ சொல்லல."

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேற ஏதாச்சும் ஒரு பேரை எழுதித் தொலையேன் என்று சொன்னது தான்தான் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அன்றிலிருந்து அவள் 'கேடுகெட்டவ' என்று வேடிக்கை பேசியதே இல்லை.

மறுநாள் படை தெற்கே போனது. படகுகள் சேற்றில் சறுக்கி, பாறைகளைத் தாண்டி, மறுபடி தண்ணீரில் இறங்கின. அரசரின் கொடி பளபளவென்று இருந்தது. எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன்.

சடங்குக்கு மூன்றாம் நாள் காலை ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒரு காத தூரம் நடந்து வந்தவள் போலக் காலெல்லாம் புழுதி. கையில் ஒரு சொம்பு, மேலே இலை போட்டு மூடியிருந்தது.

"என்ன வேணும்?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலேதான் கேட்டேன்.

"என் புள்ளைய காணோம்யா. மூணு நாளாச்சு. படகு இழுக்கப் புடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். படகெல்லாம் போயிருச்சுன்னாங்க. ஆடுங்களுக்கு மடி கட்டிக்கிட்டு நிக்குது. அவன் கைபட்டாத்தான் அதுங்க பால் விடும். நான் கறந்தா எத்துது." கொஞ்சம் சிரித்தாள். "தெகாய்னு பேரு. தினமும் இங்கதான் வருவான்."

வாசல் காவலன் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தான்.

"தெரியலம்மா," என்றேன்.

"நீதான் எழுதறவரா? உன்னைத்தான் சொல்லுவான். எழுத்தரய்யா நல்லவரு, அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு, நான் கொண்டுபோற பாலைத்தான் குடிக்குதுன்னு சொல்லுவான். மூணு நாளா அந்தப் புள்ளை பாலில்லாம என்ன பண்ணுதோன்னு இருந்துச்சு." சொம்பை என் மைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தா. எத்தினாலும் பரவால்லேன்னு கறந்துட்டேன்."

சொம்பை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு மட்டும் பண்ணுய்யா. நான் வந்துட்டுப் போனேன்னு எழுதி வை. அவன் வந்தா காட்டு. ஆத்தா தேடுனான்னு தெரிஞ்சா நேரா வீட்டுக்கு வந்துருவான். என் பேரு..."

"தெரியும்," என்றேன், அவசரமாக.

"எப்படித் தெரியும்?"

"அவன் சொல்லுவான்."

அவளுக்குச் சந்தோஷம். நான் எழுதுவதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் வந்து குனிந்து நின்றாள். பேனாவை எடுத்தேன். மையில் தோய்க்காமல், வெறும் நாணலைத் தாளின் மேல் வலமிருந்து இடமாக நகர்த்தினேன். அந்தப் பெயரை என் கையால் இன்னொரு தடவை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. அவள் ஒவ்வொரு அசைவையும் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"நல்லாருப்பே," என்று சொல்லிவிட்டுப் போனாள். பாறை மறைக்கும் வரை இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள், அவன் வாசலிலிருந்து ஓடிவருகிறானா என்று.

சாயங்காலம் வடக்கே போகும் கடிதத்தை எழுதினேன். இன்று தெற்கிலிருந்து யாரும் வரவில்லை என்று எழுதினேன். அரசரின் காரியங்கள் அனைத்தும் நலம் என்று எழுதினேன். பக்கத்தில் சொம்பு இருந்தது. ஹேப்பு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, எழுத்து ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை என்று பாராட்டினார்.